நீல முனைக் கம்பி

பிப்ரவரி 3

தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நான் உயிரோடு இருக்கிறேன். நீயும் அப்படித்தான் என்று என் மகள் சொன்னாள். நலம் விசாரிப்பது இத்துடன் முடிந்தது.

பத்தொன்பது வருஷம் கழித்து எழுதுவதால் மனம் இளகிவிட்டதென்று நினைத்துக்கொள்ளாதே. போன வாரம் என் பேரன் இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனான். இடது மணிக்கட்டில் வட்டமாகச் சிவந்து, தோல் உரிந்து, நீர் கோத்திருந்தது.

"என்னடா இது?" என்றேன்.

"வாட்ச் கட்டின இடம் பாட்டி."

"யாரு வாங்கிக் குடுத்த வாட்ச்?"

திருதிருவென்று விழித்தான். அவன் அம்மாவைப் பிடித்து உலுக்கிய பிறகுதான் உண்மை வெளியே வந்தது. படிப்பு முடித்ததற்குச் சின்னத் தாத்தா அனுப்பியதாம். கிழவிக்குத் தெரியக் கூடாதென்று கட்டளையாம். பெரிய கம்பெனிப் பெயர் போட்டிருக்கிறது, ஆனால் பெரிய கம்பெனி செய்ததில்லையாம். நீ வேலை பார்க்கும் பட்டறையில் செய்ததாம். திருட்டு வாட்ச் செய்கிறாய், போகட்டும். பிள்ளையின் தோலைத் தின்கிற அந்த இரும்பு என்ன இரும்பு? அதை மட்டும் எழுது.

ஏன் போன் செய்யவில்லை என்று கேட்பாய். போனில் சொன்னதை நாளைக்கு நீயே இல்லை என்பாய். அப்பா படுக்கையில் விழுந்த வாரம், "பத்து நாள்ல வந்துடறேன்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனாய். பதினோரு மாதம் நான் ஒருத்தி தூக்கிப் போட்டு, புரட்டிப் போட்டு, எல்லாம் முடிந்த பிறகு வந்து நின்று, "நான் எப்பக்கா பத்து நாள்னு சொன்னேன்?" என்றாய். நீ சொன்னது ஒரு செவ்வாய்க்கிழமை. கட்டம் போட்ட சட்டை. மேலிருந்து இரண்டாவது பொத்தான் இல்லை. காகிதமாக இருந்தால் எடுத்துக் காட்டியிருப்பேன்.

பதில் போடு.

அக்கா

•

பிப்ரவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி வணக்கத்துடன் எழுதுவது. உன் கையெழுத்தை உறையில் பார்த்ததும் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். முழங்கால் எப்படி இருக்கிறது? சர்க்கரை இருக்கிறதா? நான் நன்றாக இருக்கிறேன்.

என்ன அக்கா, பச்சை மையில் எழுதுகிறாய்? பெரிய அதிகாரி ஆகிவிட்டாயா?

அது திருட்டு வாட்ச் இல்லை, காப்பி வாட்ச். வித்தியாசம் உண்டு என்று முதலாளி சொல்வார். இங்கே உள்ளே ஓடுகிற எந்திரம் செய்வதில்லை, டயல் செய்வதில்லை. வெளிக்கூடும் பின்மூடியும் மட்டும்தான். மூன்றாம் மாடியில் நான்கு லேத், இரண்டு மெருகுச் சக்கரம், கழுவுகிற தொட்டி ஒன்று. அதற்கு மேலே மொட்டை மாடியில் தகரம் போட்ட அறையில் நான்.

இரும்பைக் கேட்டாய். சில்வர் பாத்திரம் எல்லாமே ஒன்றுதான் என்று நினைப்பாய். அப்படி இல்லை. எங்களிடம் வரும் கம்பி இரண்டு சாதி. முந்நூற்று மூன்று என்பது கந்தகம் சேர்த்தது. வெண்ணெய் மாதிரி வெட்டும். உள்ளே மறைந்திருக்கும் வளையத்துக்கும் திருகுக்கும் அது போதும். ஆனால் வியர்வை பட்டால் புள்ளி விழும், சிலர் தோலுக்கு ஒத்துக்கொள்ளாது. முந்நூற்றுப் பதினாறு என்பது பிடிவாதக்கார இரும்பு. வெட்டும்போது உளியைப் படுத்தும், வெட்டிய பிறகு காலத்துக்கும் கெடாது. உன்னைப் போல. தோலில் படுகிற கூடும் மூடியும் அதில்தான். தொள்ளாயிரத்து நான்கு என்று ஒன்று இருக்கிறது, அது ராஜ வம்சம். எங்களிடம் கிடையாது. ஆனால் வாங்குகிறவன் கேட்டால் உண்டு என்போம்.

முதலாளி அடிக்கடி சொல்வார்: "டயல்ல பொய் இருக்கலாம்யா. அதைக் கண்ணுதான் பார்க்கும். இரும்புல பொய் இருக்கக் கூடாது. அதைத் தோல் பார்க்கும்."

கம்பி பார்ப்பதற்கு எல்லாம் ஒன்று போலவே இருக்கும். அதனால் வந்தவுடன் மருந்துத் துளி வைத்துச் சோதித்து, முனையில் வண்ணம் பூசுவேன். பதினாறுக்கு நீலம், மூன்றுக்குப் பச்சை. கம்பி அறைச் சாவி என்னிடம்தான். வேறு யாரும் தொட முடியாது. இருபத்தாறு வருஷமாக ஒரு கம்பி மாறியதில்லை. பேரனுக்கு அனுப்பிய வாட்சின் கூட்டுக்கு நானேதான் கம்பி எடுத்துக் கொடுத்தேன். ஆகவே அது சோப்பாக இருக்கும், அல்லது வியர்வையாக இருக்கும். சந்தேகமென்றால் வாட்சை அனுப்பு, சோதித்துவிடுகிறேன்.

உன் கடிதத்தை ஏழு முறை படித்தேன். திட்டு என்றாலும் அக்கா திட்டு.

தம்பி

•

மார்ச் 6

தம்பிக்கு,

வாட்சைத் துணியில் சுற்றி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பேரன் தர மாட்டேன் என்றான். "கை வேணுமா, வாட்ச் வேணுமா?" என்று கேட்டேன், கழற்றிவிட்டான். பின்மூடியின் ஓரத்தில் குண்டூசி முனை அளவுக்குப் பழுப்புப் புள்ளிகள் ஒன்பது இருக்கின்றன. எண்ணித்தான் அனுப்புகிறேன், ஒன்பதாகவே திரும்பி வர வேண்டும்.

சர்க்கரை இல்லை. முழங்கால் இருக்கிறது. சமைத்துப் போட அங்கே யார் இருக்கிறார்கள்? நீ எழுதவில்லை.

இங்கே நான் ஒருத்திதான். காலையில் பேப்பர் வந்து விழுந்தால், மறுநாள் பேப்பர் வந்து விழும் வரை இந்த வாசலுக்கு ஒருவரும் வருவதில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நீ கேட்கவும் இல்லை. பின்னறைத் தகரம் போன மழையில் பிய்ந்துவிட்டது. அங்கே கிடந்த சாமான்களை முன்னறைக்கு இழுத்து வந்துவிட்டேன். நடக்க இடமில்லை, நடப்பதற்கு ஆளும் இல்லை.

நான் பிடிவாதக்கார இரும்பு என்று எழுதியிருக்கிறாய். வைத்துக்கொள்கிறேன்.

அக்கா

•

ஏப்ரல் 19

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். வேலை அதிகம். உடம்பு சுகம். நீ எப்படி இருக்கிறாய்? அங்கே வெயில் ஆரம்பித்துவிட்டதா?

வாட்ச் வந்தது. மருந்துத் துளி வைத்தேன். பதினாறாக இருந்தால் துளி செங்கல் நிறத்துக்கு மாறும். மாறவில்லை. மெருகுச் சக்கரத்தில் வேலை செய்யும் பெண்ணிடம் காட்டிக் கேட்டேன். "ஒண்ணும் மாறலையே அண்ணே. தண்ணி மாதிரியே இருக்கு" என்றாள். ஆகவே அது மூன்று.

வெளியூர்களிலிருந்து இன்னும் அறுபது கூடுகள் இதே புகாரோடு திரும்பி வந்துவிட்டன. லேத்காரர் ஒருவர் இருந்தார், பதினான்கு வருஷம் எங்களோடு வேலை பார்த்தவர். கம்பி மாறியது அவரால் என்று முதலாளி அனுப்பிவிட்டார். நடந்தது நடந்துவிட்டது. விதி. பேரனிடம் என் சார்பில் மன்னிப்புக் கேட்டுக்கொள். நல்ல இரும்பில் வேறு ஒன்று அனுப்புகிறேன்.

அடுப்பில் நானே ஏதோ பொங்கிக்கொள்கிறேன். யாரும் இல்லை.

தம்பி

•

ஏப்ரல் 30

டேய்,

உன் இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் மூன்றாம் வகுப்பு தாண்டாதவள்தான். ஆனால் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவளுக்கு ஒரு எழுத்தும் தப்பாது.

பிப்ரவரியில் நீ எழுதியது: கம்பி அறைச் சாவி என்னிடம்தான், வேறு யாரும் தொட முடியாது. ஏப்ரலில் எழுதுவது: கம்பி மாறியது லேத்காரரால். பூட்டிய அறைக்குள் அவர் சாவித் துளை வழியாகப் போனாரா?

இன்னொன்று. பச்சை மையில் எழுதுகிறாயே என்று கேலி செய்தாய். அன்றைக்கே எனக்குச் சுருக்கென்றது, கை தவறி எழுதிவிட்டாய் என்று விட்டுவிட்டேன். நான் எழுதியது நீல மை. இந்த வீட்டில் இருப்பதே ஒரு பேனா. பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நீலந்தானே பெரியம்மா, ஏன் கேக்கறீங்க?" என்றாள். உனக்கு நீலமும் பச்சையும் ஒன்றாகத் தெரிகிறது. எத்தனை நாளாக? துளி மாறியதா இல்லையா என்று ஒரு பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டாயே, உன் கண்ணை நீயே நம்பாமல்தானே கேட்டாய்?

உனக்கு ஏழு வயது. அப்பாவின் முகக்கண்ணாடியைப் பந்தால் உடைத்தாய். நான் பாவாடையில் சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது அப்பா வந்தார். விசிறிக் காம்பு ஒடியும் வரை என்னை அடித்தார். நீ கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். வாய் திறக்கவில்லை. அறுபது வருஷமாகிறது, இன்னும் திறக்கவில்லை.

அந்த லேத்காரருக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா? என்ன செய்கிறார்? முதலாளியிடம் போய் வாயைத் திற. திறந்த பிறகு எனக்கு எழுது. அது வரை எழுதாதே.

அக்கா

•

ஜூன் 8

தம்பிக்கு,

எழுதாதே என்று சொன்னால் அப்படியே எழுதாமல் இருந்துவிடுவதா? நான் சொன்னதை நீ கேட்டது இதுதான் முதல் தடவை.

பேரனின் கை ஆறிவிட்டது. தழும்பு இல்லை. பின்னறைக்குப் புதுத் தகரம் போட ஆள் வந்து போனான். வெயிலுக்கு முந்திச் செய்திருக்க வேண்டும்.

கண் வலிக்கிறதா? விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறதா? நம் அம்மாவுக்கு அப்படித்தான் ஆரம்பித்தது. உனக்கு நினைவிருக்காது. எனக்கு இருக்கிறது.

அக்கா

•

ஜூன் 25

அன்புள்ள அக்காவுக்கு,

வணங்கி எழுதுகிறேன். வளையம் தெரிகிறது. இரண்டு வருஷமாக. காலையில் கொஞ்சம் பரவாயில்லை. போகப்போக எல்லாவற்றின் மேலும் பழைய காகிதத்தின் நிறம் ஏறிவிடுகிறது.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். நவம்பரில் ஒரு நாள் கம்பிக் கட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். லேத்காரர் ஒரு கூடு வெட்டிவிட்டு எந்திரத்தை நிறுத்தினார்.

"அண்ணே, இது லேசா வெட்டுது. சீவலும் சுருளா வரல. பொடிப்பொடியா உதிருது."

"உளி புதுசு. அதான்."

"உளி பழசுண்ணே. கம்பியைக் கொஞ்சம் பாருங்க."

"முனையில நீலம் இருக்கு, தெரியலையா?"

அவர் குனிந்து பார்த்தார். "எனக்குப் பச்சையாத் தெரியுதுண்ணே."

"அப்ப போய் உன் கண்ணைக் காட்டிக்க" என்றேன்.

மெருகுச் சக்கரத்துப் பெண் சிரித்துவிட்டாள். நாலு பேர் எதிரில் நான் பெரியவனாகிவிட்டேன். அவர் எந்திரத்தை ஓட்டினார். பேரனுக்குத் தனியாக எடுத்து வைத்த கூடும் அந்தக் கட்டுக் கம்பியில் வெட்டியதுதான்.

கூடுகள் திரும்பி வந்த நாளில் முதலாளி இருவரையும் கூப்பிட்டார். லேத்காரர் உள்ளதைச் சொன்னார். முதலாளி என்னைப் பார்த்தார். "நான் சரியான கம்பிதான் எடுத்துக் கொடுத்தேன்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன், அக்கா. ஐந்தே வார்த்தை. அவர் தன் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். திரும்பிப் பார்த்திருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பேன். அவர் பார்க்கவில்லை.

உண்மையைச் சொன்னால் வேலை போகும், அது பெரிதில்லை. மாடி அறை வேலையோடு சேர்ந்தது. அதுவும் போகும். கண் தெரியாத கிழவன் எங்கே போவான்? இனி இந்த வாசலை மிதிக்காதே என்று நீ சொன்னதும் ஒரு செவ்வாய்க்கிழமைதான். எனக்கும் சிலது நினைவிருக்கிறது.

தம்பி

•

ஜூலை 5

தம்பிக்கு,

அது வியாழக்கிழமை.

புரை விழுந்த கண்ணுக்கு அரை மணி நேர வேலைதான். எங்கள் தெருப் பால்காரரின் அம்மாவுக்கு எண்பத்திரண்டு வயது. செய்துகொண்டு வந்தவள், மறுவாரமே மருமகளின் துணி மடிப்பில் குற்றம் கண்டுபிடிக்க ஆரம்பித்துவிட்டாள். ஆஸ்பத்திரி என் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்.

பின்னறைக்குத் தகரம் போட்டாயிற்று. ஒழுகாது. சுண்ணாம்பும் அடித்தாயிற்று. ஜன்னல் கிழக்கே பார்க்கிறது, காலை வெளிச்சம் நன்றாக வரும். சொல்லி வைக்கிறேன், அவ்வளவுதான்.

முதலில் முதலாளியிடம் சொல். மற்றதெல்லாம் பிறகு.

அக்கா

•

ஆகஸ்ட் 17

தம்பிக்கு,

ஆறு வாரமாகிவிட்டது. தபால்காரனை நிறுத்திக் கேட்டேன். "வந்தா குடுக்காம வச்சுக்கவா போறேன்?" என்கிறான். அவன் சொல்வதும் நியாயம்தான்.

சொல்லவில்லை என்றாலும் எழுது.

அக்கா

•

செப்டம்பர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். இந்த எழுத்தைப் பார், வரி கோணாமல் வருகிறது. வலது கண்ணில் புரை எடுத்து இருபத்தைந்து நாளாகிறது. உன் கடிதங்களையெல்லாம் மறுபடி எடுத்துப் பார்த்தேன். நீலம்தான். இவ்வளவு நீலமா என்று ஆகிவிட்டது.

ஜூலை முடிவில் முதலாளியிடம் சொன்னேன். அவர் கணக்குப் பார்ப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். "ரெண்டு விஷயம் சொல்லி வச்சிருந்தேன் பெரியவரே. பொய் எங்க இருக்கலாம், எங்க இருக்கக் கூடாதுன்னு. நீங்க ரெண்டாவதை விட்டுட்டீங்க" என்றார். சாவியை மேசை மேல் வைத்தேன். "அவரைத் திருப்பிக் கூப்பிடுங்க" என்றேன். "நான் எந்த மூஞ்சியோட கூப்பிடறது? நீங்க போய்க் கூப்பிடுங்க" என்றார்.

போனேன். லேத்காரர் இப்போது மாடிப்படிக்குக் கைப்பிடி செய்யும் கடையில் குழாய் வளைக்கிறார். அங்கே கேட்டதும் அவர் வீட்டுக்கு வழி காட்டி அனுப்பினார்கள். என்னைப் பார்த்ததும், "வாங்கண்ணே" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். அந்தக் குறையை அவர் மனைவி தீர்த்து வைத்தார். மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இவருதானா அந்த நீலக் கண்ணு?" என்றார். பிறகு தண்ணீர் கொடுத்தார். திரும்ப வேலைக்கு வாருங்கள் என்றதற்கு லேத்காரர், "வேண்டாண்ணே. இங்க நான் சொல்றதை நம்பறாங்க" என்றார்.

எழுந்தபோது அந்த அம்மாள் கேட்டார்: "எங்க தங்கறீங்க?" மாடி அறையைக் காலி செய்ய வேண்டும் என்றேன். "போக்கிடம் இல்லேன்னா வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே? பையைக் கொண்டாந்து இங்க போடுங்க. கண்ணைக் காட்டலாம், அப்புறம் வேலையைப் பார்த்துக்கலாம்."

இப்படி நேராக யாரும் என்னிடம் சொன்னதில்லை, அக்கா. அங்கேயேதான் இருக்கிறேன். கண்ணுக்குச் சொட்டு மருந்தை லேத்காரரே விடுகிறார். கைப்பிடிக் கடையில் வெல்டு வைத்த இடத்தைத் தேய்த்துக் கொடுக்கிறேன். குழாய் எல்லாம் முந்நூற்று நான்கு. சோதிக்க வேண்டியதில்லை, ஒரே சாதி. இனி மிச்சக் காலம் இங்கேயே ஓடிவிடும் என்று நினைக்கிறேன்.

நீ பின்னறைக்குத் தகரம் போட்டது நல்லது. மழைக்கு முன் செய்துவிட்டாய். சாமான்கள் நனையாது.

முழங்காலைப் பார்த்துக்கொள்.

தம்பி

•

செப்டம்பர் 24

தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. வாயைத் திறந்துவிட்டாய். அறுபது வருஷக் கணக்கில் ஒன்றை அடித்துவிட்டேன். அப்பாவின் பதினோரு மாதம் அப்படியே நிற்கிறது, அதில் சந்தேகம் வேண்டாம்.

அந்த அம்மாளிடம் நான் விசாரித்ததாகச் சொல். நல்ல மனுஷி. ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் சொல்லிவிடுகிறாள். எல்லோருக்கும் அது வருவதில்லை. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விட்டுக்கொள். இடது கண்ணையும் காட்டு. உனக்கு அங்கே வேலை இருக்கிறது, பேச ஆள் இருக்கிறது. எனக்கு வேறென்ன வேண்டும்.

இங்கே விசேஷமாக ஒன்றும் இல்லை. நேற்று ஒரு பெண் வந்தாள். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறாளாம். பின்னறை சும்மா கிடப்பதாக யாரோ சொன்னார்களாம், குடிவரட்டுமா என்று கேட்டாள். பார்த்தால் நல்ல பெண்ணாகத்தான் இருந்தாள்.

"ஆள் இருக்கும்மா" என்றேன்.

அவள் எட்டிப் பார்த்தாள். "யாரையும் காணோமே பாட்டி. கட்டில்ல விரிப்புகூடக் கலையலையே?"

"வெளியில போயிருக்கான்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அக்கா